காடி கடிக்கிற குதிரையோடு வாழ்வது

உங்கள் குதிரைக்கு லாயத்துப் பழக்கம் ஏதும் ஒட்டியிருக்கிறதா என்று தெரிய வேண்டுமானால், காலைத் தீனி வைத்து அரை மணி நேரம் கழித்து, அதன் கண்ணில் படாத இடத்தில் போய் நில்லுங்கள். கொள்ளு தீர்ந்திருக்கும். தொட்டியை நாக்கால் வழித்து முடித்திருக்கும். அதற்குப் பிறகு மேல் உதட்டைத் தூக்கி, மேல் வரிசை முன்பற்களைத் தொட்டி விளிம்பில் ஊன்றும். கழுத்து வளையும், கழுத்தின் அடித்தசை புடைக்கும், தொண்டைக்குள்ளிருந்து 'ஹக்' என்று ஒரு முனகல் வரும். பல்லை எடுக்கும், விளிம்பை நக்கும், மறுபடி ஊன்றும். இதுதான் காடி கடிப்பது. கடிக்கக் கட்டை இல்லாமலே கழுத்தை வளைத்துக் காற்றை இழுக்கிற குதிரைகளும் உண்டு. காற்று குடிக்கிறது என்று சொல்வார்கள். உள்ளே போகிற காற்று வயிற்றை நிரப்பிவிடுவதில்லை. உணவுக்குழாயின் மேல்பகுதியோடு நின்று, பெரும்பாலும் வந்த வழியே திரும்பிவிடுகிறது.

இரண்டாவது வகை, ஆடுவது. வாசல் பக்கம் தலையை நீட்டி, ஒரு முன்காலிலிருந்து மறு முன்காலுக்கு எடையை மாற்றி மாற்றி இடமும் வலமுமாக ஆடிக்கொண்டே இருக்கும். மூன்றாவது, கொட்டடிக்குள்ளேயே சுற்றிச் சுற்றி நடப்பது. கட்டையைக் கொறித்து மரத்தையே தின்பதை இவற்றோடு சேர்க்கக் கூடாது. அது பெரும்பாலும் நார்த்தீனிக் குறைவு. தட்டையைக் கூட்டினால் குறைந்துவிடும். கடிப்பதும் உதைப்பதும் வேறு கணக்கு. அதைப் பிறகு சொல்கிறேன்.

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கம் குதிரை வைத்திருப்பவர்களிடம் இதைப் பற்றிக் கேட்டால் வருகிற பதில் ஒன்றுதான்: "அது பிறவிக் குணம் அண்ணாச்சி, சுழி சரியில்லாத குதிரை." சுழி பார்த்துக் குதிரை வாங்குவது நம் ஊரில் பழைய வழக்கம். ஈரோடு மாவட்டம் அந்தியூரில் குருநாதசுவாமி கோயில் ஆடித் திருவிழாவின்போது கூடுகிற குதிரைச் சந்தையில் போய்ப் பாருங்கள். காத்தியவாரியோ மார்வாரியோ எதுவானாலும், பல்லைப் பார்ப்பதற்கு முன்னால் நெற்றியையும் கழுத்தையும் தடவிச் சுழி தேடுகிறவர்கள் நிறைய. அது அவரவர் நம்பிக்கை. ஆனால் காடி கடிக்கிற பழக்கத்துக்கும் சுழிக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. சில வம்சங்களில் இந்தப் பழக்கம் கூடுதலாக வருகிறது என்பது உண்மைதான். பந்தயத்துக்கென்றே வளர்க்கிற தரோபிரெட் குதிரைகளில் அதிகம் காணலாம். ஆனாலும் பழக்கத்தைக் கிளப்பிவிடுவது லாயம். வாய் சும்மா இருப்பது, கால் கட்டிக் கிடப்பது, பக்கத்தில் துணை இல்லாதது, இந்த மூன்றும் சேர்ந்த இடத்தில் அது முளைக்கிறது.

குதிரையின் வயிறு மாட்டின் வயிறு அல்ல. மாடு தின்றதை அசை போட்டுக்கொண்டு படுத்திருக்கும். குதிரைக்கு அசை போடுதல் கிடையாது. அதன் இரைப்பை உடம்போடு ஒப்பிட்டால் சின்னது, அமிலமோ இரவு பகல் பாராமல் சுரந்துகொண்டே இருக்கிறது. அந்த அமிலத்தைத் தணிப்பது எச்சில். எச்சில் சுரப்பதோ மெல்லும்போது மட்டும். அதனால்தான் மேய்ச்சலில் விட்ட குதிரை ஒரு நாளில் 16 மணி நேரம் வரைகூட மேய்ந்துகொண்டே இருக்கும். ஒரு கிலோ காய்ந்த புல்லை மென்று முடிக்க அதற்கு ஏறக்குறைய 40 நிமிடம் வேண்டும். ஒரு கிலோ தானியத்தைப் பத்து நிமிடத்தில் முடித்துவிடும். காலையில் இரண்டு கிலோ கொள்ளு, சாயங்காலம் இரண்டு கிலோ கொள்ளும் தவிடும், நடுவில் ஒரு பிடி தட்டை என்று வைக்கிற வீட்டில் அந்தக் குதிரை நாள் முழுக்கச் சும்மா நிற்கிறது என்று அர்த்தம். அந்தச் சும்மாவைத்தான் அது தொட்டி விளிம்பில் தீர்த்துக்கொள்கிறது.

குட்டியாக இருக்கும்போதே இது தொடங்கிவிடுகிறது. இங்கிலாந்தில் 225 குட்டிகளை நான்கு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2002-இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. அவற்றில் பத்தில் ஒன்று காடி கடிக்க ஆரம்பித்தது, அதுவும் பெரும்பாலும் ஐந்து மாத வயதையொட்டி. பால் மறக்கவைத்த பிறகு அடர்தீனி கொடுக்கப்பட்ட குட்டிகளில் இந்தப் பழக்கம் நான்கு மடங்கு வேகத்தில் வந்தது. கொட்டடியில் அடைத்துப் பால் மறக்கவைத்த குட்டிகளுக்கு, வெளியில் விட்டு மறக்கவைத்தவற்றைவிட ஆபத்து கூடுதல். ஆகவே வீட்டில் குட்டி ஈன்றால் தாயைத் திடீரென்று பிரித்து, குட்டியைத் தனியே கட்டி, "நல்லா வளரட்டும்" என்று கொள்ளை அள்ளிப் போடாதீர்கள். அந்தப் பரிவே பிறகு இருபது வருடப் பழக்கமாகிவிடும்.

இந்தத் தவறு நம் மண்ணுக்குப் புதிதல்ல. பாண்டியர் காலத்தில் தாமிரபரணி முகத்துவாரத்துக் காயல் துறையில்தான் அரபு, பாரசீகக் குதிரைகள் கப்பல் கப்பலாக வந்து இறங்கின. இங்கே வருகிற குதிரைகளுக்குச் சோறும் இறைச்சியும் வேகவைத்துக் கொடுக்கிறார்கள், பராமரிக்கத் தெரிந்தவர் இல்லாமல் அவை செத்துப்போகின்றன என்று 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ எழுதிவைத்தார். அடுத்த தலைமுறையில் எழுதிய பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப் இன்னும் நுணுக்கமாகச் சொல்கிறார்: வறுத்த வாற்கோதுமையும், நெய் சேர்த்த தானியமும், காய்ச்சிய பசும்பாலும் கொடுத்து, நாற்பது நாள் கயிற்றாலும் முளையாலும் லாயத்தில் கட்டிக் கொழுக்கவைத்து, பிறகு பழக்காமலே ஏறி ஓட்டுகிறார்கள் என்று. அவர் கேட்டு எழுதியவர், நேரில் பார்த்தவர் அல்லர். கொஞ்சம் கூட்டியும் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த வரியில் இருக்கிற லாயம், வண்டிப் பந்தயத்துக்கு முந்தைய மாதம் இன்றைக்கும் நம் பக்கம் பல தொழுவங்களில் நான் பார்க்கிற லாயம்தான். கட்டிப்போட்டுக் கொழுக்கவைப்பதைப் பராமரிப்பு என்று நினைக்கிற பழக்கம் எழுநூறு வருடம் பழையது.

தீனியை மாற்றுங்கள்

எல்லாவற்றுக்கும் முதலில் செய்ய வேண்டியது இதுதான். மற்றவை எல்லாம் இதற்குப் பிறகு.

குதிரையின் எடையில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்காவது தினமும் காய்ந்த நார்த்தீனி உள்ளே போக வேண்டும். இரண்டு பங்கு என்றால் நல்லது. 300 கிலோ எடையுள்ள குதிரைக்கு நாலரைக் கிலோ என்பது கீழ் எல்லை, ஆறு கிலோ வைத்தால் திருப்தி. மட்டக்குதிரைக்கு அந்தக் கணக்கில் குறைத்துக்கொள்ளுங்கள். இதை ஒரே தடவையில் கொட்டாமல் நான்கு, ஐந்து தடவையாகப் பிரித்து வையுங்கள். பெரிய பங்கு ராத்திரிக்கு. சாயங்காலம் ஆறு மணிக்குக் கடைசித் தீனி வைத்துவிட்டு மறுநாள் காலை ஆறு மணிக்குத்தான் எட்டிப்பார்க்கிறோம். அந்தப் பன்னிரண்டு மணி நேரம்தான் குதிரைக்கு நீளமானது.

கரிசலில் தட்டைக்குப் பஞ்சமில்லை. கோவில்பட்டியில் 1901 முதல் இயங்கும் வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட கே 8, கே 11, கே 12 போன்ற சோள ரகங்கள் மானாவாரிக்கென்றே வந்தவை. தானியம் வீட்டுக்கு, தட்டை தொழுவத்துக்கு. நன்றாகக் காய்ந்த சோளத்தட்டையும் கம்பந்தட்டையும் குதிரைக்கு ஆகும். எந்திரத்தில் பொடிப்பொடியாக வெட்டிப் போட்டால் சீக்கிரம் தீர்ந்துவிடும். ஒரு சாண் நீளத்துக்கு வெட்டுங்கள். தட்டையில் சத்து குறைவு, நார் அதிகம். அதனால் தண்ணீர் குறைந்தால் குடலில் அடைத்துக்கொள்ளும். இங்கே பல ஊர்களில் போர்த் தண்ணீர் உப்புக் கரிக்கிறது. அதை முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்கிற குதிரையை "தாகமில்லை போல" என்று விட்டுவிடாதீர்கள். வீட்டுக்கு வருகிற தாமிரபரணித் தண்ணீரில் அதற்கும் ஒரு பங்கு எடுத்துவையுங்கள். கோடையில் ஒரு குதிரை 40 லிட்டரும் குடிக்கும், அதற்கு மேலும் குடிக்கும்.

பச்சைச் சோளத்தில் கவனம் வேண்டும். இளஞ்சோளம், மழை பொய்த்து வாடிய சோளம், அறுத்த தாளிலிருந்து மழைக்குப் பின் துளிர்க்கிற மறுதாம்பு, இவற்றில் சயனைடு நஞ்சு உண்டு. மாட்டுக்கு ஆகாது என்று கரிசல்காட்டுக்காரர்கள் எல்லாருக்கும் தெரியும். குதிரை உடனே விழாமல் இருக்கலாம்; ஆனால் தொடர்ந்து பச்சைச் சோளம் மேய்ந்த குதிரைக்குப் பின்கால்கள் தள்ளாடி, சிறுநீர் கட்டுப்பாடில்லாமல் சொட்டுகிற நோய் வரும். அது வந்துவிட்டால் மீட்பது கடினம்.

கொழுக்கட்டைப் புல் நம் வறண்ட பூமிக்கு வரம்போல வந்தது. இரண்டு தூறலுக்கே தழைத்துவிடும், குதிரையும் விரும்பித் தின்னும். அதில் ஒரு சங்கதி: அந்தப் புல்லில் உள்ள ஆக்சலேட், சுண்ணாம்புச் சத்தைக் கட்டிப்போட்டுவிடுகிறது. மாடு சமாளித்துவிடும், குதிரைக்கு மாதக்கணக்கில் அது மட்டுமே தீனி என்றால் எலும்பு பலவீனமாகி முக எலும்பு வீங்கும். கூடவே தவிடும் அள்ளி வைத்தால் கேடு இரட்டிப்பு. ஆகவே கொழுக்கட்டைப் புல்லோடு வேலிமசாலோ, தண்ணீர் வசதி உள்ளவர்கள் குதிரைமசாலோ, கடலைக்கொடியோ கலந்து கொடுங்கள். கடலைக்கொடியை மண் போக உதறி, பூஞ்சணம் இல்லை என்று முகர்ந்து பார்த்துத்தான் போட வேண்டும். சூபாபுல் தழையை ஆட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். குதிரை தின்றால் பிடரி மயிரும் வால் மயிரும் கொட்டும். பருத்திக்கொட்டையைக் குட்டிக்குக் காட்டவே வேண்டாம்.

கொள்ளை நிறுத்தச் சொல்லவில்லை. வண்டி இழுக்கிற குதிரைக்கு அது வேண்டும். ஆனால் தட்டை தின்ற பிறகு, மூன்று வேளையாகப் பிரித்து, வேலைக்குத் தக்க அளவு மட்டும். வேலையில்லாத நாளில் பாதியாகக் குறையுங்கள். எந்த மாற்றத்தையும் பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்யுங்கள். தீனி சீக்கிரம் தீராமலிருக்கப் புல்லைக் கயிற்று வலைப்பையில் அடைத்துக் கட்டலாம். வேம்பார்க் கடற்கரையில் கிடைக்கிற பழைய நைலான் மீன்வலை மெல்லியது, குளம்பு மாட்டினால் காலை அறுக்கும். தடித்த கயிறே வேண்டும், அதுவும் நெஞ்சு உயரத்துக்குக் குறையாமல் கட்ட வேண்டும்.

கயிறும் துணையும்

கரிசலில் லாயத்துப் பழக்கங்கள் முற்றுகிற பருவம் ஐப்பசி, கார்த்திகை என்பது என் கணிப்பு. வடகிழக்குப் பருவமழையில் மண் இளகிக் குளம்பில் அப்பிக்கொள்ளும். குதிரையை வெளியே எடுக்க முடியாது. வாரக்கணக்கில் ஒரே இடத்தில் நிற்கும். சித்திரையிலோ அதே மண் பாளம் பாளமாக வெடித்து, கால் போனால் எலும்பு முறிகிற அளவுக்கு வாய் பிளந்திருக்கும். ஆக, வருடத்தில் பாதி நாள் இந்த மண்ணே குதிரையை வெளியே விடாது. இதற்கு வழி, புரட்டாசிக்குள் லாயத்தை ஒட்டிச் சரளையும் செம்மண்ணும் கொட்டித் திமிசுக்கட்டையால் இடித்த மேட்டுத் திட்டு ஒன்று போட்டுவைப்பதுதான். பத்தடிக்கு இருபதடி இருந்தால்கூடப் போதும், கயிறில்லாமல் நடமாடலாம். லாயத் தரைக்கும் இதே மேடு நல்லது. ஈரக் கரிசலில் நிற்கிற குளம்பு அழுகும். ஆடுகிற குதிரை தன் காலடியிலேயே பள்ளம் பறித்துக்கொண்டு சரிந்து நிற்கும்.

முன்பக்கம் இரண்டு கயிறு, பின்காலில் ஒரு கயிறு என்று முளையடித்துக் கட்டுவதை விட்டுவிடுங்கள். நாலு கழி சேர்த்து அடைத்த கொட்டடி போதும். குதிரை திரும்பவும், படுக்கவும், தலையை வெளியே நீட்டவும் முடிய வேண்டும். ஆடுகிற குதிரைக்குக் கூடுதலாக ஒரு திறப்பு வைத்து, பக்கத்துக் குதிரை தெரியும்படி செய்தால் ஆட்டம் குறைகிறது. லாயத்தில் கண்ணாடி மாட்டியே ஆட்டத்தைக் குறைத்த ஆய்வுகள்கூட உண்டு. குதிரை கூட்டமாய் வாழ்கிற பிராணி. ஒற்றைக் குதிரை வைத்திருப்பவர்கள் நம் ஊர்க் கன்னி ஆட்டையோ கொடி ஆட்டையோ துணைக்கு விட்டுப் பார்க்கலாம். பெட்டையாகவோ காயடித்த கிடாயாகவோ இருந்தால் நல்லது. முதல் வாரம் நடுவில் ஒரு தட்டி வையுங்கள். ஒத்துப்போய்விட்டால் பிறகு ஆட்டைப் பிரித்து விற்காதீர்கள். பழக்கம் பழைய நிலைக்கே போய்விடும்.

ஒன்றைப் பார்த்து இன்னொன்று காடி கடிக்கக் கற்றுக்கொள்ளும் என்ற பயத்தில் பழக்கமுள்ள குதிரையைத் தனியாக ஒதுக்குகிறார்கள். ஒரே லாயத்தில் இரண்டு குதிரை கடித்தால், அந்த லாயத்தின் தீனியையும் கட்டையும்தான் சந்தேகப்பட வேண்டும். பார்த்துத் தொற்றுகிறது என்பதற்குச் சான்று இல்லை. ஒதுக்கிவைப்பது அந்தக் குதிரையின் நோவைக் கூட்டுவதோடு சரி.

மிச்சத்தோடு வாழ்வது

இத்தனையும் செய்தாலும் பல வருடப் பழக்கம் முழுதாகப் போகாது. குறையும். நாள் முழுக்கக் கடித்த குதிரை தீனிக்குப் பிறகு கொஞ்ச நேரம் மட்டும் கடிக்கும். அந்த மிச்சத்தை ஏற்றுக்கொள்ள வேண்டும்.

கழுத்தில் இறுக்கிக் கட்டுகிற வார்ப்பட்டை விற்கிறார்கள். அதைப் போட்டால் கடிப்பது நிற்கும்; காரணம் நிற்காது. கழற்றியதும் முன்னைவிட அதிகமாகக் கடிப்பதை ஆய்வுகளும் கண்டிருக்கின்றன. நம் வெயிலில் பட்டைக்கு அடியில் வியர்த்துப் புண்ணாகும், ஈ மொய்க்கும். மருத்துவர் சொன்னாலொழிய வேண்டாம். தொட்டி விளிம்பில் மிளகாய் அரைத்துப் பூசுவது, கழிவு ஆயில் தடவுவது, முள்கம்பி சுற்றுவது, கடிக்கும்போதெல்லாம் அடிப்பது, இவை நான்கும் கொடுமை. கழிவு ஆயில் விஷமும்கூட.

அதற்குப் பதில் கடிக்கவே ஓர் இடம் கொடுங்கள். நெஞ்சு உயரத்தில் ஒரு கட்டையைக் குறுக்கே வைத்து, பழைய டயர் ரப்பரால் ஆணி வெளியே தெரியாமல் போர்த்துங்கள். சிமெண்டு விளிம்பில் ஊன்றி ஊன்றி மேல் முன்பற்கள் சாய்வாகத் தேய்ந்துபோகும். வயதான காலத்தில் புல்லைக் கரும்பிப் பறிக்கப் பல் இருக்காது. ரப்பர் அதைத் தாமதப்படுத்தும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வாயைத் திறந்து பாருங்கள். விலா தெரிகிற அளவுக்கு மெலிந்தால் இரைப்பைப் புண் இருக்கிறதா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

காடி கடிக்கிற குதிரைக்கு, சிறுகுடல் உள்ளேயே ஓர் இடுக்கில் சிக்கிக்கொள்கிற ஒரு வகைச் சூலை மற்றக் குதிரைகளைவிட அதிகம் வருகிறது. வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பது, முன்காலால் தரையைப் பறிப்பது, படுத்துப் புரள்வது, வியர்ப்பது, லத்தி போடாமல் நிற்பது, இவற்றில் எதைக் கண்டாலும் தீனியை எடுத்துவிட்டு உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள். 1962 என்ற எண்ணில் கால்நடை ஆம்புலன்ஸ் கிடைக்கும். அறுவை வரை போகும் போலிருந்தால் திருநெல்வேலி ராமையன்பட்டிக் கால்நடை மருத்துவக் கல்லூரியைத் தாமதிக்காமல் தொடர்பு கொள்ளுங்கள். மூங்கில் குழாயில் எண்ணெயோ கஷாயமோ ஊற்றாதீர்கள். புரையேறி நுரையீரலுக்குப் போய், சூலையில் சாகாத குதிரை அதில் சாகும்.

இனி, கடிப்பதும் உதைப்பதும். கையால் ஊட்டுகிற தித்திப்பு முக்கியக் காரணம். நம் கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது எல்லாருக்கும் பெருமை. ஆனால் வருகிற விருந்தாளி எல்லாம் உள்ளங்கையில் மிட்டாய் வைத்து நீட்டினால், குதிரை கையைத் தேடக் கற்கும், பிறகு கையைக் கடிக்கும். எதையும் தொட்டியில் போட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள். திடீரென்று உதைக்கவோ கடிக்கவோ தொடங்கிய குதிரைக்கு, முதலில் சேணம் உராய்ந்த புண்ணோ, பல்வலியோ, லாடக் கோளாறோ இருக்கிறதா என்று தேடுங்கள்.

வாங்கப் போகும்போது தொட்டி விளிம்பையும் வாசல் கட்டையையும் பாருங்கள். மேல் உதட்டைத் தூக்கி முன்பல் நுனி சாய்வாகத் தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். கழுத்தில் வார்த்தடம் இருக்கிறதா என்று தடவுங்கள். தீனி வைக்கச் சொல்லி, தின்று முடித்த பிறகும் அரை மணி நேரம் நில்லுங்கள். காடி கடிக்கிறது என்பதற்காக நல்ல குதிரையைத் தள்ள வேண்டியதில்லை. விலையைக் குறைத்துக் கேட்கலாம், வாங்கலாம், மேலே சொன்னபடி வைத்துக்கொள்ளலாம்.

விற்க நேர்ந்தால் சொல்லி விற்றுவிடுங்கள். எத்தனை வருடமாகக் கடிக்கிறது, எந்தத் தீனியில் குறைகிறது, எந்த ஆட்டோடு சேர்ந்து நிற்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். தெரியாமல் வாங்குகிறவர் முதல் வாரமே பட்டையை இறுக்குவார், அடிப்பார். தெரிந்து வாங்குகிறவர் வண்டியிலிருந்து இறக்குவதற்கு முன்பே தட்டையை எடுத்து வைத்திருப்பார்.